ஆணியில் வளையம் இருந்தால்தான்

தண்ணீர்ப் பூங்காவில் வேலை என்றதும், நாள் முழுக்க நனைந்துகொண்டிருப்பேன் என்று நினைக்கிறார்கள். நான் ஐந்து வருடமாக அதன் வாசலில் வெயிலில் நிற்கிறேன். பஸ் கண்டக்டர்களுக்கும், கல்யாணப் பந்தியில் கதவைப் பிடித்து நிற்பவர்களுக்கும் என் பாடு புரியும். போன மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

பலகை

வாசலறைச் சுவரில் ஒரு பெரிய பலகை. வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு ரப்பர் வளையம். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று, கைக்குழந்தைக்கும் உண்டு. வெளியே வரும்போது கழற்றித் தர வேண்டும். பலகை காலியானால் பூங்கா நிரம்பிவிட்டது என்று பொருள். இது மேற்பார்வையாளர் ஃபரீதா அக்காவின் ஏற்பாடு.

அன்று பதினொன்றரைக்கே பலகை காலி. கதவைச் சாத்தினேன்.

"அவ்ளோ தண்ணி இருக்குது, நாங்க நாலு பேரு எறங்குனா வழிஞ்சிரவா போவுது?" என்றார் நல்லம்பள்ளிக்காரர் ஒருவர். நாலு வளையம் திரும்பியதும் அவரை விட்டேன்.

வேன்

அடுத்து வத்தல்மலையிலிருந்து ஒரு வேன். பதினோரு பேர்; ஏழு குழந்தைகள். இரண்டு மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடுவதில்லை. "ஒரு மாசமா இதுங்க தூங்கலீங்க" என்றார் அவர்களை அழைத்து வந்த ராணி.

பார்க்கிங் பார்க்கும் மாது அண்ணன் தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டியவர். வரும் ஒவ்வொரு வண்டியிடமும் இரண்டு கேள்வி: எத்தனை பேர், எப்போது கிளம்புவீர்கள்? முதலில் கிளம்புவதை முன்னால் நிறுத்துவார். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். அவர் வேனருகே வந்தார்.

"ஒண்ணரைக்கு ஓசூர் வண்டி கெளம்புது, அதுலயும் பதினோரு பேருதான், நெழல்ல உக்காருங்கம்மா."

கார்

ஒரு மணிக்கு முதலாளியின் மைத்துனர் குடும்பத்தோடு வந்தார். வேன்காரர்களுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார் ஃபரீதா அக்கா. மைத்துனர் முதலாளிக்குப் போன் போட்டு அக்காவிடம் நீட்டினார். அந்த வேலையை நம்பித்தான் அக்கா வீட்டில் அடுப்பெரிகிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அக்கா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீங்களே வந்தாலும் ஆணியில வளையம் இருந்தாத்தாங்க மொதலாளி."

பதினொன்று

ஒன்றரைக்கு ஓசூர்க்காரர்கள் வந்தார்கள். வளையங்களைச் சத்தம்போட்டு எண்ணினேன், பத்து. அவ்வளவுதான் என்று அவர்கள் நடந்துவிட்டார்கள். ஒருவரை விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்றார் ராணி. இரண்டு மணிக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. பார்க்கிங்குக்குக் குரல் கொடுத்தேன்.

மாது அண்ணன் ஏற்கெனவே வண்டியை மறித்து நின்றுகொண்டிருந்தார். நான் எண்ணியது அவர் காதிலும் விழுந்திருந்தது; பதினோரு பேர் இறங்கிய வண்டியாயிற்றே. பின்சீட்டில் தூங்கிய கைக்குழந்தையின் கணுக்காலில் இருந்தது பதினொன்றாவது. எழுப்பாமல் கழற்றி ஓடிவந்தார். வரிசையில் நின்ற மைத்துனர்கூட விலகி வழிவிட்டார்; இரண்டு அடிப்பதற்குள் திரும்பிய வளையங்களில் அவர் குடும்பமும் உள்ளே போனது.

குழந்தைகளுக்கு வளையம் மாட்டும்போது ராணி தன் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "இப்படி எண்ணி எண்ணி உடறவங்க, உள்ள போனா நம்ம புள்ளைங்கள தொலைச்சிர மாட்டாங்க."

சாயங்காலம் பலகையில் ஓர் ஆணிகூடக் காலியில்லை; அன்று அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படாமல் வீடு திரும்பியவர்கள் வாசலில் நின்ற நாங்கள் மூன்று பேர்தான்.