காகம் வராத சனிக்கிழமை

சனி பகவான் என் தாய்மாமாவின் உடம்பில் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் சின்னமனூரில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. மதுரை டாக்டர் மட்டும் கிட்னி கெட்டுவிட்டது என்றார். மாமா இரண்டு தரப்பையும் சமாதானமாக வைத்திருந்தார். ரத்தத்தை மெஷின் கழுவும். கழுவலாமா என்பதைக் குச்சனூர்க் கோயில் சனி சொல்வார். சனிக்கிழமை மொட்டைமாடிச் சுவரில் மாமா வைக்கும் எள்ளுச் சோற்றைக் காகம் கொத்தினால் சம்மதம். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு மதுரை பஸ் ஏறுவார்.

ரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்பி வருமாம். வழி மறந்துவிட்டால் என்னாகும் என்று நான் நடுங்குவேன். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரவே வழி மறந்தவன் நான்.

ஒரு சனிக்கிழமை காகம் வரவில்லை. மாமா கூப்பிட்டார். தொண்டை கிழிய நானும் கூப்பிட்டேன். வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. மாமா இறங்கி வந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"அவரே கைய விரிச்சுட்டாரு. இனி மெஷினு என்னத்தக் கிழிக்கும்? நா வரலை."

"ஒரு தடவ விட்டாலும் நெஞ்சுல தண்ணி கோத்துக்கிரும்னு டாக்டரு சொன்னாகல்ல?" அத்தை கெஞ்சினாள். மாமா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். வீங்கிய அவர் கால்களைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அத்தை பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்கு ஓடினாள். உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் கருவாடு கிடையாது. திரும்பி வந்தவள் மாடியேறி, கைக்குள் மறைத்திருந்த கருவாட்டை எள்ளுச் சோற்றுக்குள் புதைத்தாள். சனிக்கிழமையில், சனியின் சோற்றில்! பின்னால் நின்ற என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏலே, வாயத் தொறந்த, ஒன்னைய அவருக்கே நேந்து விட்டுருவேன்."

காகங்கள் படையாக வந்தன. அத்தை கூப்பிட, மாமா மெல்ல மேலே வந்தார். சுவரருகே நின்று மூச்சை இழுத்தார்.

"சட்டைய எடு," என்றார்.

சனி முதலில் யாரைப் பிடிப்பார், அத்தையையா, பார்த்துக்கொண்டிருந்த என்னையா என்று கணக்குப் போட்டபடி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஏறுமுன் மாமா என் காதருகே குனிந்தார்.

"ஒங்க அத்த கை மணக்குதுடா மாப்ளே. உப்பில்லாமத் திங்கிற மூக்குக்குத் தெரியாதா? அவகிட்டச் சொல்லிராத."

அடுத்த சனிக்கிழமை சோற்றை வைத்துவிட்டு மாமா வானத்தைப் பார்க்கவில்லை. அத்தையின் கையைப் பார்த்தார். இனிமேல் காகம் அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது.