ஆஸ்திரேலியாவுக்குப் பங்காளி தேடினேன்

செத்துப்போனவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் நம்மைத் திட்ட மாட்டார்கள். அந்த வேலையை உயிரோடு இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஊரார் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கல்யாணத் தரகர்களே, ஜனத்தொகைக் கணக்கெடுக்கப் போன டீச்சர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டும் மக்கர் பண்ணும்போது கத்துவதற்கு நான். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து பிஜித் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள் பலர் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். ரிட்டையர் ஆனதும் அவர்களுக்கு வம்சம் தேடும் ஆசை வந்துவிடுகிறது. தாத்தா கப்பலேறியபோது எழுதிய சீட்டின் நகலை எப்படியோ வாங்கிவிடுவார்கள். அதில் அவர் பேர், அப்பா பேர், நெருங்கிய உறவினர் பேர், தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். அதை எனக்கு மெயிலில் அனுப்புவார்கள். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போய் விசாரித்து, வம்ச மரம் வரைந்து அனுப்புவேன்.

ஒருவருக்குத் தேடிக் கொடுத்தால் அவர் நாலு பேரிடம் சொல்வார். அப்படி வந்தவர்களில் பிரிஸ்பேன் ஷர்லி அம்மாவை மட்டும் என்னால் மறக்க முடியாது. அவருக்காக நான் வரைந்த மரத்தால் ஒரு பெண்ணின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். தொழில் எப்படிப்பட்டது என்று தெரிய முதலில் இரண்டு சின்ன விஷயங்கள்.

நகரும் ஊர்

கப்பல் சீட்டில் தென்னாற்காடு ஜில்லா என்று இருக்கும். மேப்பில் தேடினால் அப்படி ஒரு ஜில்லாவே இருக்காது. அதைப் பிரித்து எங்களை விழுப்புரத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்று மெல்போர்னில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு எழுதினேன். அவர் விழுப்புரத்தைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றியே கிராமத்தைத் தேடியிருக்கிறார். அவ்வளவு தூரம் தள்ளி இந்தப் பக்கம் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லையாம். அதற்கும் ஒரு மெயில், கோபமாக.

பல வருஷம் கழித்துக் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆனபோது, பழகிய தோஷத்துக்கு அவருக்கு அதையும் தெரிவித்தேன். வாழ்த்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரே வரியில் பதில் வந்தது: "எங்கள் தாத்தா வாழ்க்கையில் ஒரு தடவைதான் இடம் மாறினார், உங்கள் ஊர் அவரைவிட அதிகமாக மாறியிருக்கிறது."

தனிமரம்

நைனார்பாளையத்தில் ஒரு விவசாயி. நல்ல நஞ்சை, கிணறு, மோட்டார் ஷெட் எல்லாம் உண்டு. கப்பலேறியவர் அவருடைய தாத்தாவின் தம்பி என்று ஊரே சொன்னது. நான் போய் நின்று ஆஸ்திரேலியா என்று வாயெடுத்ததும் மனிதர் முகம் மாறிவிட்டது. யாரோ பங்கு கேட்டு வக்கீலை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். ஐயா, அவர்களுக்கு உங்கள் நிலம் வேண்டாம், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். நிலத்தைப் போட்டோ எடுப்பார்களா என்று கேட்டார்.

அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதை நான் குடித்து முடிக்கும்வரை விவசாயி காத்திருந்து, வாசல்வரை வந்து, தீர்மானமாகச் சொன்னார்: "எங்க தாத்தாவுக்கு அண்ணன் தம்பி யாருங் கெடையாது. அப்படியே இருந்தாலும் அவருக்கு இங்க நெலம் கெடையாதுங்க!"

சோறு போடறோம்

ஷர்லி அம்மாவின் அப்பா வழித் தாத்தா பேர் பெரியசாமி. சீட்டில் இருந்த கிராமம் நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில்தான். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அண்ணன் சடையன் என்று எழுதியிருந்தது. சடையனின் பேரன் கொளஞ்சி அந்த ஊரிலேயே இருந்தார். கூலி வேலை. அவரும் மனைவியும் மஞ்சள் வேக வைக்கும் இடத்தில் வேலையாக இருந்தபோது போய் நின்றேன். பயந்துகொண்டேதான் விஷயத்தைச் சொன்னேன்.

கொளஞ்சி ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. சின்னத் தாத்தா ஒருத்தர் கப்பலேறிப் போனார், திரும்பவே இல்லை என்று அவர் அப்பா சொல்வாராம். மூத்த மகள் செல்விக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், அந்தம்மா அதற்கே வந்துவிட்டால் நல்லது என்றார். அவர்கள் வந்தால் பங்கு கிங்கு என்று பயமில்லையா என்று நானே வாயைக் கொடுத்தேன். மனிதர் மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "எங்களாண்ட பங்கு கேக்கறதுக்கு இன்னா இருக்குதும்மா? வரச் சொல்லுங்க, சோறு ஆக்கிப் போடறோம்."

நான் கொண்டுபோன நல்ல செய்தி

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் அரைகுறையாக எதையும் அனுப்பப் பிடிக்காது. கொளஞ்சியின் தெருவில் விசாரித்தபோது, அந்தக் காலத்தில் அந்த வீட்டில் சடையன், பெரியசாமி, அம்மாசி என்று மூன்று பேர் ஒன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் என்று நான் எழுதிக்கொண்டேன். அம்மாசியின் வாரிசுகள் பிழைப்புக்காகத் தியாகதுருகம் போய்விட்டார்களாம். அங்கேயும் போய்த் தேடினேன். அம்மாசியின் பேரன் சின்னதுரை, கொத்தனார், கிடைத்துவிட்டார். எனக்கு ஒரே குஷி.

வீட்டில் பெயிண்ட் வாசனை. வாசலில் புதுப் பந்தல் கழி அடுக்கியிருந்தது. ஆஸ்திரேலியாவில் உங்களுக்குச் சொந்தம் இருக்கிறது, பக்கத்திலேயும் இருக்கிறது, உங்கள் பாட்டனும் நைனார்பாளையம் பக்கத்துக் கொளஞ்சியின் பாட்டனும் கூடப் பிறந்தவர்கள், நீங்கள் பங்காளிகள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சின்னதுரை உள்ளே போய் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் மகன் ரவிக்குக் கல்யாணம். மணமகள் கொளஞ்சி மகள் செல்வி.

பங்காளி வீட்டில் பெண் எடுப்பது எங்கள் பக்கத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். ரவியின் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அந்தப் பொண்ணு எம் புள்ளைக்குத் தங்கச்சின்றீங்களா?"

செல்வி வந்தாள்

விஷயம் நான் ஊர் திரும்புவதற்குள் கொளஞ்சி வீட்டுக்குப் போய்விட்டது. பெண் பார்க்கும்போது குலதெய்வம் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டிருக்கிறார்கள். சின்னதுரை தன் பழைய குலதெய்வம் எதுவென்று தெரியாமல் உள்ளூர் மாரியம்மனைச் சொல்லியிருக்கிறார், கொளஞ்சி வீட்டாருடையது ஏரிக்கரை அய்யனார், வேறு வேறு என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இப்போது எல்லாம் சந்தேகமாகிவிட்டது. இரண்டு வீட்டிலும் பந்தல் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

செல்வி கள்ளக்குறிச்சியில்தான் பாத்திரக் கடையில் வேலை பார்த்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் கடைக்கு வந்து, கம்ப்யூட்டரில் அந்த மரத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். சடையனுக்கும் அம்மாசிக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் விரலை வைத்து, இதை அழித்துவிடுங்கள் என்றாள். உண்மையை நான் எப்படி அம்மா அழிப்பது என்றேன், கொஞ்சம் வீறாப்பாகவே. அவள் அழவில்லை, கோபப்பட்டாள். ரவியை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்று அந்தக் கோபத்திலேயே தெரிந்தது. "அக்கா, இது உண்மைன்னு யாரு பாத்தா? ஒரே வூட்டுல சோறு துன்னா அண்ணன் தம்பியா?" என்றாள்.

பிரிஸ்பேன் சந்தேகம்

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரே வீட்டில் இருந்தவர் அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தால்? அம்மாசி சடையனுடைய தங்கையைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டிலேயே தங்கியிருந்தால் செல்வியும் ரவியும் அண்ணன் தங்கை இல்லை, முறைப்பெண், முறைமாப்பிள்ளை. நிற்க வேண்டிய கல்யாணம் அவசியம் நடக்க வேண்டிய கல்யாணமாகிவிடும். ஆனால் இதை யார் நிரூபிப்பது?

இதற்கு நடுவில் ஷர்லி அம்மா டிக்கெட் எடுத்துவிட்டார். நடந்ததை எல்லாம் அவருக்கு எழுதினேன். அண்ணன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் கட்டிக்கொள்ளக் கூடாது, அண்ணன் பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் கட்டிக்கொள்ளலாம், கட்டிக்கொள்ளாவிட்டால்தான் சண்டை வரும் என்று இரண்டு பக்கம் விளக்கினேன். அவர் கம்ப்யூட்டர் மரத்தில் இரண்டு பேரும் ஒரே கலரில்தான் இருந்தார்களாம். அவருடைய பதில் இது: "இத்தனை விதிகளை வைத்துக்கொண்டு உங்கள் ஊரில் யாருக்காவது எப்படிக் கல்யாணம் நடக்கிறது?"

அம்மாசி பங்கு

சின்னதுரையைக் கெஞ்சிக் கூத்தாடி, உங்கள் அப்பா வேறு ஏதாவது சாமியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். மலைக்குப் போகும் வழியில் மூன்று வேல் நட்ட கோயில் ஒன்று உண்டு, நாம் போய் ரொம்பக் காலம் ஆயிற்று என்பாராம். அது போதும் என்றேன். அண்ணன் தம்பிகளுக்குக் குலதெய்வம் ஒன்றாகத்தான் இருக்கும். அம்மாசிக்குத் தனியாக ஒரு சாமி இருந்தால் அவர் அய்யனார் வீட்டுப் பிள்ளை இல்லை.

ஷர்லி அம்மா வந்து இறங்கிய இரண்டாம் நாள் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். வேன் ஓட்டியது ரவி. முன்னால் சின்னதுரை, பின்னால் கொளஞ்சி. இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடுவில் நானும், ஜன்னலுக்கு வெளியே எதைப் பார்த்தாலும் அழகு என்று சொல்லிக்கொண்டிருந்த ஷர்லி அம்மாவும். கச்சிராயபாளையத்தில் டீ குடித்து வழி கேட்டோம். கோமுகி அணை தாண்டி இரண்டு கோயில் பார்த்தோம், இரண்டிலும் மூன்று வேல் இல்லை. இது பொய்த்துப் போனால் செல்வியின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

மூன்றாவது கோயில் ஒரு சோளக் கொல்லைக்கு நடுவில் இருந்தது. மூன்று வேலும் இருந்தன. பூசாரி முப்பது வயதுக்காரர், பைக்குக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். தியாகதுருகம் என்றதும், அங்கே நமக்கு ஆள் இல்லையே என்று தலையைக்கூடத் தூக்கவில்லை. யார் வகையறா என்றார். அம்மாசி வகையறா என்று சின்னதுரை மெதுவாகச் சொன்னார். பூசாரி டியூபைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"நைனார்பாளையம் பக்கம் பொண்ணு கட்டி, மாமனார் வூட்டோடயே போயிட்டாரே, அந்த அம்மாசியா?"

நாங்கள் யாரும் இன்னும் நைனார்பாளையத்தின் பேரைச் சொல்லியிருக்கவில்லை.

அங்கே வருஷா வருஷம் கிடா வெட்டி, பங்காளிகளுக்குக் கூறு போட்டு, ஒவ்வொரு வகையறா பேராகக் கூப்பிட்டுக் கொடுப்பார்களாம். ஊரை விட்டுப் போனவர்கள் பேரையும் கூப்பிட வேண்டும். "அம்மாசி பங்குன்னு எங்கப்பா கூவனாரு, இப்போ நாங் கூவறேன். ஒருத்தரும் வந்ததில்ல. வுட்டுட்டா சாமி கோச்சிக்கும்னு கூவிக்கினே இருந்தேன்" என்றார் பூசாரி.

சின்னதுரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரவி வேனுக்குப் பின்னால் போய் நின்று யாருக்கோ போன் பண்ணினான். யாருக்கு என்று கேட்க வேண்டுமா? கொளஞ்சிதான் முதலில் அசைந்தார். சின்னதுரையின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "எழுந்திரு மச்சான். பந்தலு போடாமக் கெடக்குது, எறங்கலாம் வா."

அத்தை வேலை

கணக்குப்படி ஷர்லி அம்மா கொளஞ்சிக்கு அக்கா. அப்படியானால் செல்விக்கு அத்தை. ஒரு பேரைத் தேடிக்கொண்டு விமானம் ஏறி வந்தவருக்கு, இறங்கியதும் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கச் சொன்னார்கள். பெண் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். யார் வந்து வெற்றிலை பாக்கு நீட்டினாலும் செல்வி, அத்தையிடம் கொடுங்கள் என்றாள். தாலி கட்டும்போது ஷர்லி அம்மா அழுதார். பிரிஸ்பேனில் தன்னை இப்படி யாரும் எதற்கும் தேடியதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது, சொன்னால் என்ன.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது கொளஞ்சி வாசல்வரை வந்தார். தாம்பூலப் பையைக் கொடுத்தார். ரொம்ப சந்தோஷம், உங்களால்தான் அக்காவும் கிடைத்தார், மச்சானும் கிடைத்தார் என்றார். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். மனிதர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சின்னவ ஒருத்தி இருக்காம்மா. அவளுக்கும் முடிச்சிடறோம். அதுவரைக்கும் எங்க வம்சத்த யாரும் தேட வேணாம்னு ஆஸ்திரேலியாவுல சொல்லி வையுங்க."

வம்சம் தேடிப் போகிற அன்பர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன்: கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன், வாசலில் பந்தல் கழி அடுக்கியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.