நழுவாத தோள்

புளியங்குடியில் எலுமிச்சை மூடை தூக்கும் லோடுமேன் அவர். வலது தோள் மூட்டு அடிக்கடி நழுவியதால் ஆபரேஷன் செய்துகொண்டு, சங்கரன்கோவிலில் நான் பிசியோதெரபி பார்க்கும் அறைக்குச் சில மாதங்களாக வந்துகொண்டிருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஆனால் எந்நேரமும் இடக்கை வலது மணிக்கட்டைப் பிடித்தபடியே இருக்கும், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைப் பிடித்திருப்பதுபோல.

நழுவும் தோளைக் கண்டுபிடிக்க, கையைப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மடக்கி, மெல்லப் பின்னால் சாய்ப்போம். மூட்டு நழுவும் முன்பே பயத்தில் முகம் மாறிவிடும். ஆபரேஷனுக்கு முன்பு அவர் முகமும் மாறியது. இப்போது மூட்டு கெட்டியாக நிற்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் கையை உயர்த்தினால் அதே முகம்தான்.

“இனி நழுவாது அண்ணாச்சி,” என்றேன், எத்தனையாவது தடவையோ.

“டாக்டர் சொல்லுதாரு, நீங்களும் சொல்லுதிய. தோளு சொல்லலியே சார்.”

எனக்கும் அலுத்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் அவரைக் கூப்பிட வெளியே வந்தேன். பெஞ்சில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வலக்கை மேலே போய், மடங்கி, பிடரிக்கு அடியில் தலையணையாகக் கிடந்தது. முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. எழுப்பினால் கையை இறக்கிவிடுவார். அடுத்தவரை உள்ளே வரச் சொன்னேன்.

பிறகு அண்ணாச்சி எழுந்து உள்ளே வந்தபோது மணிக்கட்டு பழையபடி பிடிக்குள் இருந்தது. “எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“அப்படியேதான். கை மேல போவ மாட்டேங்கு சார்.”

நான் பார்த்ததைச் சொல்லவில்லை. சொன்னால் தூக்கத்திலும் பிடித்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது.