கிற்றார்க்காரருக்கு ஒரு பொன்னாடை

எங்கள் கட்டடத்து லிஃப்டில் மனிதர்கள் மனிதர்களைப் பார்ப்பதில்லை. கதவுக்கு மேலே ஓடும் இலக்கங்களைத்தான் பார்ப்பார்கள். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் பதினெட்டு வருடமாக நானும் அவற்றைப் பக்தியோடு பார்த்து வருகிறேன். வாய் திறப்பவர் ஒருவர்தான், பத்தாம் மாடியில் நாய் வளர்க்கும் வெள்ளைக்காரக் கிழவி. தெம்பா கிற்றார்ப் பெட்டியோடு ஏறினால், "இன்றைக்கு மேளம் கொண்டுவரவில்லையா?" என்பாள். தெம்பாவிடம் ஒருநாளும் மேளம் இருந்ததில்லை.

தெம்பா எனக்கு அடுத்த கதவு. சிம்பாப்வேயில், புலவாயோ நகரத்து பியர் மண்டபங்களில் இருபது வருடம் சொந்தப் பாட்டுகளை மின்கிற்றாரில் வாசித்தவர். "பிடிக்காவிட்டால் போத்தல் மூடியால் எறிவார்கள். எறிவதற்காவது பாட்டைக் கேட்டிருக்க வேண்டுமே" என்பார். ரொறன்ரோவில் எறிவாருமில்லை, கேட்பாருமில்லை. நூலகமோ பள்ளிக்கூடமோ, கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு மேளமும் சிறுத்தைப் புள்ளிச் சட்டையும் வேண்டும். சட்டையை அவர் இங்கேதான் வாங்கினார். எல்லா இனத்தையும் கொண்டாடும் இந்த நகரம், எந்த இனத்தையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. எனக்கும் அனுபவமுண்டு. பார்க்டேலில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய காலத்தில், நான் யோகா குருவாகத்தான் இருக்க வேண்டும் என்று கூட வேலை செய்தவர்கள் முடிவுகட்டினார்கள். குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டமுடியாத நான், இரண்டு கிழமை மறுக்காமல் வகுப்பு எடுத்தேன்.

போன மாசியில் தெம்பாவுக்கு ஒரு கதவு திறந்தது. கோடை இசைவிழா ஒன்றுக்குக் கலைஞர்களைத் தெரிவு செய்யும் பெண்மணி, மேடையில் அவர் தன் பாட்டை வாசிப்பதை ஒருதரம் நேரில் கேட்கச் சம்மதித்தாள். அவரிடம் பாட்டு இருந்தது, மேடை இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்திடம் ஆண்டுவிழா மேடை இருந்தது, பாட்டு இல்லை. நான் செயலாளர். இருபது நிமிடம் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

தலைவர் மகாலிங்கம் அண்ணை யோசித்தார். "ஆபிரிக்காக்காரர் எண்டுறீர், மேளம் எங்கை?"

"அண்ணை, அவர் கிற்றார் வாசிக்கிறவர்."

"உது எங்கடை பெடியளும் அடிக்குதுகள். சரி, வரச்சொல்லும். ஆனா வாற ஆளைக் கௌரவிக்காமல் விடேலாது."

நான் பயந்திருக்க வேண்டிய சொல் அது.

பதினொரு மணி விழா பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. பெண்மணி முன்வரிசையில் கொப்பியும் பேனாவுமாக இருந்தாள். கிற்றாரை மடியில் வைத்தபடி மேடையில் தெம்பா. அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். பிறகு அவரைப் பற்றி "இரண்டு வார்த்தை" பேச ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒருவர் ஆபிரிக்கச் சிங்கம் என்றார். இன்னொருவர் கடலே இல்லாத அவருடைய நாட்டின் கடற்கரையைப் புகழ்ந்தார். "அந்த அன்ரிக்கும் ஒண்டு போத்துங்கோ" என்று யாரோ சொல்ல, பெண்மணிக்கும் பொன்னாடை விழுந்தது. நாலாவது பேச்சு முடிந்து தெம்பா வயரைச் செருகி முதல் தந்தியைத் தட்டவும், "சாப்பாடு ரெடி" என்று அறிவித்தார்கள். சபை எழும்பிக் கொத்துரொட்டியை நோக்கிப் பாய்ந்தது. அடுத்த கலியாணக்காரர் காத்திருப்பதாகச் சொல்லி மண்டபக்காரன் மின்சாரத்தை நிறுத்தினான்.

"அண்ணை, ஒரு பாட்டாவது..."

"ஐசே, ஆளுக்குப் பொன்னாடை போத்தியாச்சு. இனி என்ன குறை?"

பெண்மணிக்கு இன்னொருவரைக் கேட்கப் போகவேண்டியிருந்தது. "அருமையான சடங்கு. அடுத்த வருடம் பார்ப்போம்" என்று கைகுலுக்கினாள். அடுத்த வருடம் என்றால் இந்த நாட்டில் என்ன பொருள் என்பது தெம்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளைக்காரரைப் பழிக்க எனக்கு இனி வாயில்லை. அவர்கள் மேளத்தையாவது அடிக்கவிடுகிறார்கள். செயலாளரான நீ பேச்சுகளை நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நாலாவதாகப் பேசியவன் நான். ஒன்பது நிமிடம்.

வீட்டுக்கு வரும்போது பனி கொட்டியது. தெம்பா பொன்னாடையைக் கழுத்தில் சால்வையாகச் சுற்றியிருந்தார். லிஃப்டில் கிழவி நாயோடு நின்றாள். சரிகைக் கரையைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவு அழகு! உங்கள் நாட்டு உடுப்பா?" என்றாள்.

தெம்பா என்னைப் பார்த்தார். "ஓம், எங்கள் நாட்டு உடுப்புத்தான்" என்றார் ஆங்கிலத்தில்.

நான் இலக்கங்களைப் பார்த்தேன்.