குளமாகிப்போன உப்பளம்

ஜெபசெல்விக்குத் தூத்துக்குடியில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் விரித்து, மழைத்தண்ணீர் எங்கே ஓடுகிறது, மண் எங்கே அரித்துப் போகிறது, தடுப்பணை எங்கே கட்டலாம் என்று வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். அரசாங்கத் திட்டம். சொந்த ஊரான கீழவேம்படியிலிருந்து தினமும் போய்வந்தாள். அவளுடைய அப்பா ஜீவமணிக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, "எம்மவ கம்ப்யூட்டர்ல கோடு போட்டா அங்கன அணை வரும்லா" என்பார்.

ஊருக்குக் கிழக்கே உப்பளம், அதற்கப்பால் கடல். அவருடைய முருங்கைத் தோட்டத்துக் கிணற்றில் வருஷா வருஷம் உப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஓடையை மறித்து ஒரு தடுப்பணை கட்டினால் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும், உப்பைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும். மனிதர் மலைபோல நம்பியிருந்தது அந்த அணையைத்தான்.

படத்தில் தண்ணீர் தெரிகிற இடத்துக்கெல்லாம் கணினியே நீல நிறம் கொடுத்துவிடும். அதற்கு உப்பளப் பாத்தியும் ஒன்றுதான், குளமும் ஒன்றுதான். ஆள்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். ஜெபசெல்வி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திருத்தினாள். சந்தேகம் வந்த ஊர்களுக்கு ஸ்கூட்டியில் நேரிலேயே போய்வந்தாள். தன் ஊர்ப் படத்தை மட்டும் திறந்தே பார்க்கவில்லை. பிறந்து வளர்ந்த ஊர், அதில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? அந்த நினைப்புத்தான் குடியைக் கெடுத்தது.

அணை கிடைத்த ஊர்களில் கீழவேம்படி இல்லை. அங்கே ஏற்கெனவே பெரிய குளம் இருக்கிறதாம். உப்பளம்தான் அந்தக் குளம்! பதறிப்போய் அதிகாரி செந்தில்முருகனிடம் ஓடினாள்.

"தப்பு எம்மேலதான் சார். திருத்திக் குடுத்துருதேன்."

அவர் கெட்டவரில்லை. தலையைச் சொறிந்துகொண்டார். "மேப்பைத் திருத்தலாம்மா. சாங்ஷன் ஆனதை என்ன செய்ய? அடுத்த ஃபேஸ்ல பாப்போம்."

அடுத்த ஃபேஸ் எப்போது என்று அவருக்கும் தெரியாது, அவருக்கு மேலே இருக்கிற மகராசன்களுக்கும் தெரியாது.

வீட்டில் ஜீவமணி கத்திக்கொண்டிருந்தார். "மேப்பு போட்டவனுக்குக் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"நாந்தாம்ப்பா போட்டேன்."

அதோடு அவர் பேச்சு நின்றது. டீக்கடைப் பக்கமும் போகவில்லை. நம்பினவரை மகளே கவிழ்த்துவிட்டாள், இனி தன் முகத்தில் விழிக்கவும் அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் ஜெபசெல்வி நினைத்தாள்.

அடுத்த கோடையில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. முருங்கை பட்டுப்போனது. ஜீவமணி தோட்டத்தை உப்பளக்காரருக்கே குத்தகைக்கு விட்டார். மரங்களைத் தள்ளிப் பாத்தி கட்டி முடித்த அன்று மகளிடம் வந்து நின்றார்.

"ஏளா, நம்ம தோட்டத்துலயும் தண்ணி பாச்சிட்டான். இப்பம் எல்லாம் கொளம் மாதிரிதான் கெடக்கு. இனி நீ போட்டது சரிதாம்னு ஆபீஸ்ல சொல்லிரலாம்லா? வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

குத்திக்காட்டுகிறாரோ என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். இல்லை. யாராவது கேட்டால் மகள் பெயர் வெளியே வந்துவிடும், வேலை போய்விடும் என்றுதான் இத்தனை நாளும் அந்த மனிதர் வாயை மூடிக் கிடந்திருக்கிறார்.

"ஒண்ணும் ஆவாதுப்பா" என்றாள். அவளுக்கு அழக்கூட வரவில்லை.