அடைத்த குழாயும் அப்பாவின் வலது கையும்

எங்கள் அன்பு அப்பா உன்னிச்சையில் ஒரு வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதிலேயே களுவாஞ்சிக்குடிக்கு வந்து, பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களைத் திருத்தும் கராஜ் ஒன்றை நடத்தினார்.

அந்த என்ஜின்களில் பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் அடிப்பெட்டிக்குள் காற்று அமுங்கும். அது வெளியேறுவதற்கு ஒரு சிறு குழாய் உண்டு. குழாய் அடைபட்டால், அமுக்கம் தாங்காமல் என்ஜின் எண்ணெயான ஒயில், கிடைத்த இடுக்கால் பீறிடும். இதை விளக்கிச் சொல்லாமல் அப்பா எவரிடமும் வண்டியை ஒப்படைத்ததில்லை.

யுத்த காலத்தில் ஒரு காலை, ஆயுதம் தாங்கிய நால்வர் டிராக்டரில் வந்தனர். எந்தப் பக்கத்தார் என்பதை இங்கே எழுதவில்லை. அப்பா திருத்திக் கொடுத்த வண்டி வாவிக்கரை வளைவில் சறுக்கி, அவர்களுடைய தலைவனின் தம்பி மண்டை உடைந்து இறந்திருந்தான். பின் ரயர் முழுக்க ஒயில்.

"நீதான் என்னவோ செஞ்சு விட்டிருக்காய்!" என்று தலைவன் செயினால் அப்பாவின் முகத்தில் அடித்தான். தடுக்கப்போன அம்மாவை உதைத்து விழுத்தினார்கள். அப்பாவின் காதிலிருந்து இரத்தம் போட்டிருந்த சேட்டில் வடிந்தது.

"கொல்லுறதெண்டா கொல்லுங்க தம்பி. வண்டிய ஒருக்காப் பார்க்க விடுங்க."

டிராக்டர் பெட்டியில் கிடந்த வண்டியை அப்பா தடவிப் பார்த்தார். குழாயின் வாயில், துணி சுற்றிய மரத்துண்டு இறுக்கப்பட்டிருந்தது.

"இத ஆர் அடைச்சது? காத்துப் போக வழியில்லாம ஒயில் பீறிட்டு ரயர்ல அடிச்சிருக்கு."

தலைவன் அந்தத் துணியையே பார்த்தான். "நான்தான். ஒயில் சொட்டிக் கால்ல போடுற களுசான் பழுதாகுதெண்டு…"

சொல்லி முடிக்கவில்லை. அப்பாவின் வலது கையைக் கல்லில் அழுத்தி, துவக்குப் பிடியால் அடித்தான். அழுதழுது அடித்தான். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. கடைசியில் அவனுடைய ஆட்களே அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று ஊரடங்கு. பக்கத்து வீட்டு மாமா மீன் பிடிக்கும் தன் வள்ளத்தில் அப்பாவைக் கிடத்தி, வாவி வழியாக மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதன்பின் அப்பா இடது கையால் வேலை பழகி, பிள்ளைகள் மூவரையும் படிக்க வைத்தார். நாங்கள் அந்தத் தலைவனைத் திட்டினால் தடுத்துவிடுவார்.

"செத்தது அவன்ட தம்பி. அவன்ட முகத்துக்கு நேர அப்பிடிச் சொல்லிட்டன் மகள்" என்பார்.

கடைசி மூன்று மாதங்கள் படுக்கையில் கிடந்து, அம்மாவின் மடியில் அப்பா கண்மூடினார்.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், பந்தலிட்டவர்களுக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. வள்ளத்தில் கொண்டுபோன மாமாவுக்கு மட்டும் அதைச் சொல்லக் கிடைக்கவில்லை. அன்று திரும்பி வரும் வழியில், வாவியின் நடுவே அவரைச் சுட்டுவிட்டார்கள். அவருடைய மனைவி அப்பாவுக்கு வாய்க்கரிசி போட வந்தபோது, அம்மா அவரைக் கட்டிப்பிடித்து, மாமாவின் பெயரைச் சொல்லி அழுதார்.

— மகள்