கல்லின் முதுகில் எழுதியவர்

கல் பதிக்கிறவர்கள் நடுவே அவருக்கு ரசமட்டம் என்று பெயர். கல் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவிதான் அது. அவர் முகம் சிரிப்புப் பக்கமும் சாயாது, அழுகைப் பக்கமும் சாயாது என்று அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் ஒரே குழந்தை காய்ச்சலில் போனபோதும் அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாளே யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்குக் கிரானைட் மேடை போடக் கிளம்பிவிட்டார். "கல்லோட கிடந்து நெஞ்சும் கல்லாப் போச்சு" என்றாள் மனைவி. குழந்தையைப் பற்றி அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆனாலும் வேலைக்குக் கூடவே போனாள். அவர் பதிப்பார், அவள் இடுக்கு அடைத்துத் துடைப்பாள். கரண்டி எங்கே, தண்ணீர் போதுமா என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. பிள்ளையை மறந்தே போய்விட்ட மனிதர் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஆறாத கோபம்.

கல்லைப் பதிக்கும் முன் அதன் முதுகில் வரிசை எண் போடுவது தொழில் வழக்கம். எண்ணுக்குக் கீழே அவர் ஒரு வரி சேர்த்து எழுதுவார். மேலே சாந்து அப்பிவிட்டால் ஆண்டவனே வந்தாலும் படிக்க முடியாது.

இந்த முறை வேலைக்குப் போன வீட்டில் வரவேற்பறைச் சுவருக்குத் தேன் நிற ஓனிக்ஸ் கல். சாந்து கிடையாது, பின்னால் இடைவெளி விட்டுச் சட்டத்தில் நிறுத்த வேண்டும். முதுகும் வழவழவென்று இருந்ததால் பென்சில் வழுக்கியது. எலக்ட்ரீஷியனிடம் கறுப்பு மார்க்கரை வாங்கி எழுதினார். பின்னால் விளக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்தான். ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் கசியும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டார். முப்பது வருடம் கல்லோடு மாரடித்த மனிதர், கல்லுக்குள் வெளிச்சம் புகுந்து வெளியே வரும் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா?

வேலை முடிந்ததும் வீட்டுக்கார அம்மா ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினார். எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டான். சுவர் முழுக்கத் தகதகவென்று எரிந்தது. நட்டநடுவில் கன்னங்கரேல் என்று இரண்டு வரி, இடம் வலமாகத் திரும்பி நின்றது.

"ஐயையோ! யாருங்க என் சுவத்துல கிறுக்கினது?" என்று அலறினார் அந்த அம்மா.

ரசமட்டம் பாய்ந்துபோய் இரண்டு கையாலும் மறைத்தார். பாவம், எழுத்து கைக்கு அடங்குகிற அளவிலா இருந்தது! எலக்ட்ரீஷியன் போனில் படம் பிடித்து, அதைத் திருப்பிப் போட்டு உரக்கவே படித்துவிட்டான்.

"நம்பர் நாலு. பாப்பாவுக்குப் பன்னெண்டு வயசு. சைக்கிள் கேட்டிருப்பா."

துடைக்கிற துணியோடு நின்ற மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ஒரு கல்லுலதானா?"

"எல்லாத்துலயும்தான்" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"பத்து வருஷமாவா? அத்தனை கல்லையும் முன்பக்கம் நான்தானேங்க துடைச்சேன்!"

மனைவி அழப்போகிறாள் என்று ரசமட்டம் பயந்தார். அவளோ விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு இல்லைங்க, பதிமூணு."

"ரெண்டு வயசுலதானே போனா..."

"மூணு நிறைய அன்னைக்குப் பத்து நாள்தான் பாக்கி. உங்களுக்கு அது ஞாபகம் இல்லை."

அவர் கைகள் சுவரிலிருந்து தாமாக இறங்கின.

"அப்போ இத்தனை வீட்டுலயும் பிள்ளையை ஒரு வயசு குறைச்சா எழுதி வச்சிருக்கேன்?" என்று கேட்டவர், அந்நியர்கள் முன்னால் நிற்கிறோம் என்பதையும் மறந்து வாய்விட்டு அழுதார்.